செல்லாக்காசின் மதிப்பு

பயனற்றவன் ஒருவனைச் 'செல்லாக்காசு' என்று ஏசுவது தமிழர் வழக்கு. கடைத்தெருவில் எவரும் வாங்க மறுக்கும் காசைப் போல, ஊரில் எவருக்கும் வேண்டாதவன் அவன் என்பது அவ்வசைமொழியின் பொருள். ஆனால், செல்லாக்காசையே தேடி அலைந்து, செல்லும் காசை அள்ளிக் கொடுத்து அதனை வாங்கிச் செல்வோரும் இவ்வுலகில் இருக்கின்றனர். 1903ஆம் ஆண்டில் அச்சிடப்பட்ட ஒரு வெள்ளிக் காசைக் கொண்டுபோய் இன்று மளிகைக் கடையில் ஒரு படி அரிசி வாங்க இயலாது. அக்காசையே பழங்காசு வணிகரிடம் கொண்டு சென்றால், அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, இப்புறமும் அப்புறமும் திருப்பிப் பார்த்து, ஒரு விலை சொல்வார். அதே ஆண்டில், அதே நாணயச்சாலையில் பிறந்த வேறொரு காசுக்கு அதனினும் பன்மடங்கு விலை சொல்வார்.

இரண்டும் ஒரே எடை, ஒரே உலோகம், ஒரே அரசரின் உருவம். அவ்வாறிருக்க விலை மட்டும் ஏன் வேறுபடுகிறது? அதனை முடிவு செய்பவர் யார்? அவருடைய முடிவை நாம் ஏன் நம்ப வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தால், அது ஒரு நீண்ட வரலாறாக விரிகிறது. ஆண்டு முழுவதும் மாணவரைத் தரம் பிரித்து மதிப்பெண் இடும் ஆசிரியர்களாகிய நமக்கு இவ்வரலாற்றில் கற்பதற்குச் செய்தி உண்டு என்பது என் எண்ணம். அதனை நான் கற்றுக்கொண்டது ஒரு தவற்றின் வாயிலாக. அதனை உரிய இடத்தில் கூறுவேன்.

வண்ணக்கர் வழி

காசைச் சோதித்து மதிப்பிடுவது தமிழர்க்குப் புதிய கலையன்று. சங்கப் புலவர் வரிசையில் வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்னும் பெயர்களைக் காண்கிறோம். வண்ணக்கன் என்னும் சொல்லுக்கு நாணயச் சோதகன் என்பது பொருள். பொன்னின் மாற்றை அறிந்த மரபினர் சொல்லின் மாற்றையும் அறிந்திருந்தனர் என்று எண்ணும்போது நமக்குப் பெருமிதம் தோன்றுகிறது. பொன்னை உரைத்துப் பார்க்கும் கல்லுக்குக் கட்டளைக்கல் என்று பெயர். மாந்தரின் பெருமையையும் சிறுமையையும் எதனைக் கொண்டு அறிவது என்று கூற வந்த திருவள்ளுவரும் அக்கல்லையே எடுத்தாண்டார். பழந்தமிழ்க் கல்வெட்டுகளில் 'தீப்போக்குச் செம்பொன்' என்னும் தொடர் வருகிறது. தீயிலிட்டு மாசு நீக்கிய பொன் என்பது அதன் கருத்து.

அக்கால நோட்டக்காரர் கேட்ட வினாக்கள் இரண்டே. எடை சரியாக இருக்கிறதா? மாற்றுக் குறையாமல் இருக்கிறதா? காசைத் தராசில் இட்டுப் பார்த்தார்; கல்லில் உரைத்துப் பார்த்தார்; விரலால் சுண்டி, எழும் ஓசையைக் கேட்டுப் பார்த்தார். காசின்மேல் பொறித்த அரசனின் மூக்குத் தேய்ந்திருந்தால் அவருக்குக் கவலை இல்லை. மூக்கோடு சேர்ந்து எடையும் தேய்ந்திருந்தால்தான் கவலை. ஆகவே, அக்காலத்தில் ஒரு காசின் மதிப்பு என்பது பெரும்பாலும் அதனுள் இருந்த உலோகத்தின் மதிப்பேயாம்.

எடையில் மோசடி செய்வோர் எந்நாட்டிலும் இருந்தனர். காசின் ஓரத்தை அரத்தால் மெல்லச் சீவி, அந்தத் தூளைச் சேர்த்து உருக்கிக்கொள்வது அவர்கள் வழக்கம். இதனைத் தடுக்கவே காசின் விளிம்பில் வரிகளையோ பூவேலையையோ இடும் முறை தோன்றியது. ஓரம் சீவப்பட்டால் விளிம்பின் வரி மறைந்து, களவு வெளிப்பட்டுவிடும்.

வெள்ளியும் ரிங்கிட்டும்

இவ்விளிம்பு வரியின் வரலாறு நம் நாட்டின் பண வழக்கிலேயே உறைந்து கிடக்கிறது. ரிங்கிட் என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பற்பல்லாக வெட்டப்பட்ட விளிம்பு என்பது மூலப் பொருள். இக்கடற்பகுதிகளில் பல நூற்றாண்டுகள் புழங்கிய ஸ்பானிய வெள்ளி டாலரின் விளிம்பைக் கண்டு மலாய் மக்கள் இட்ட பெயர் அது. நம்மவரோ விளிம்பைப் பாராமல் உலோகத்தைப் பார்த்து அக்காசை 'வெள்ளி' என்றனர். இன்றும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் 'பத்து வெள்ளி', 'நூறு வெள்ளி' என்றே கணக்குச் சொல்கிறோம். இன்று நாம் செலவிடும் வெள்ளியில் ஒரு குன்றிமணி எடை வெள்ளியும் இல்லை. உலோகம் போயிற்று, பெயர் நின்றது.

மெக்சிகோ நகரின் நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட அந்த ஸ்பானிய டாலர்களும், பின்னர் வந்த மெக்சிகோ குடியரசின் டாலர்களும் கடல் கடந்து சீனத்திற்கும் மலாயாவிற்கும் வந்து குவிந்தன. துறைமுக நகரங்களில் இருந்த வணிக நிலையங்களும் வங்கிகளும் டாலரைச் சோதிப்பதற்கென்றே தேர்ந்த ஆள்களை அமர்த்தியிருந்தன. 'சராப்பு' எனத் தமிழில் வழங்கும் அத்தொழிலாளர் பழைய வண்ணக்கரின் வழித்தோன்றல்கள் எனலாம். சீன வணிகரோ தாம் சோதித்து ஏற்ற டாலரின்மேல் தம்முடைய சிறு முத்திரையைக் குத்தினர். 'இக்காசு நல்ல காசு. இதற்கு நான் பொறுப்பு' என்பது அம்முத்திரையின் பொருள். பல கைகள் மாறிய டாலரில் முத்திரைகள் பெருகி, அரசரின் முகமே தெரியாமற் போனதும் உண்டு.

இத்தகைய முத்திரை குத்திய டாலர்களை நாணயம் திரட்டுவோர் நெடுங்காலம் சிதைந்த காசுகள் என்று ஒதுக்கினர். பிற்காலத்தில் அவற்றையே விரும்பித் திரட்டும் ஒரு சாரார் தோன்றினர். ஒருவருக்கு வடுவாகத் தெரிந்தது மற்றொருவருக்கு வரலாறாகத் தெரிந்தது. மதிப்பு என்பது காசில் மட்டும் இல்லை, பார்க்கும் கண்ணிலும் இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1867ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் இந்திய அரசின் பொறுப்பிலிருந்து நீங்கிப் பிரித்தானிய முடியின் நேரடி ஆட்சிக்குள் வந்தன. ரூபாய்க் கணக்கு விலகி, டாலர்க் கணக்கு நிலைபெற்றது. எனினும், அக்குடியேற்றங்களுக்கெனத் தனி வெள்ளி டாலர் 1903ஆம் ஆண்டில்தான் பிறந்தது. ஒரு புறம் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூடிய தலை. மறுபுறம் சீன எழுத்திலும் ஜாவி எழுத்திலும் மதிப்பு. அது அச்சிடப்பட்ட இடமோ பம்பாய் நாணயச்சாலை. அதற்கு அடையாளமாக 'பி' என்னும் ஆங்கில எழுத்தைச் சிறிதாகப் பொறித்தனர்.

அந்த டாலரின் எடை ஏறத்தாழ 27 கிராம். ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி. 1906ஆம் ஆண்டில் ஒரு டாலருக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்சு என்று மாற்று விகிதம் கட்டப்பட்டது. அதே காலத்தில் வெள்ளியின் விலை ஏறிக்கொண்டிருந்தது. காசின் மேல் எழுதிய மதிப்பைவிட உள்ளிருக்கும் வெள்ளியின் மதிப்பு மிகுந்துவிட்டால், மக்கள் காசை உருக்கி விற்பர் அன்றோ? ஆகவே, 1907இல் எடையை ஏறத்தாழ 20 கிராமாகக் குறைத்தனர். 1919இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தோடு வந்த டாலரின் எடையோ 17 கிராம் அளவே. அதிலும் பாதிதான் வெள்ளி. 1903ஆம் ஆண்டுக் காசில் ஏறத்தாழ 24 கிராம் தூய வெள்ளி இருந்தது. 1919ஆம் ஆண்டுக் காசில் எட்டுக் கிராமுக்குச் சற்று மேல். பதினாறே ஆண்டுகளில் 'ஒரு டாலர்' மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பழைய வண்ணக்கர் இருந்திருப்பின், இம்மூன்றையும் தராசில் இட்டு மூன்று விலை சொல்லியிருப்பார். இன்றைய மதிப்பீட்டாளர் தராசை அத்தோடு விடுவதில்லை. அவர் வேறொன்றையும் பார்க்கிறார்.

தேய்வு கூறும் கதை

அவர் பார்ப்பது காசின் மேற்பரப்பை. காசு அச்சிலிருந்து வெளிவந்த நாளில் எவ்வாறு இருந்ததோ, அந்நிலையிலிருந்து இன்று எவ்வளவு தொலைவு வந்திருக்கிறது என்பதே அவருடைய வினா.

தேய்வு எங்கும் ஒரே சீராக நிகழ்வதில்லை. உருவத்தில் எவ்விடம் மேடாக இருக்கிறதோ அவ்விடமே முதலில் தேயும். எட்வர்டு மன்னரின் டாலரில் புருவம், காது, மீசை, முடியின் மணிகள் ஆகியவற்றை முதலில் நோக்குவர். மீசையின் இழைகள் தனித்தனியாகத் தெரிந்தால் காசு மிகுதியாகப் புழங்கவில்லை. இழைகள் கலந்து ஒரே திட்டாகிவிட்டால், பல சந்தைகளையும் பல மடிகளையும் கண்ட காசு அது. இனி, எல்லாக் குறையும் தேய்வால் வந்ததாகா. அச்சு சரியாகப் பதியாமையாலும் உருவம் மங்கலாகத் தோன்றலாம். அது பிறவிக் குறை. தேய்வோ வாழ்க்கைத் தழும்பு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே மதிப்பீட்டாளரின் முதற்பாடம். கல்லாமையையும் கற்பிக்கப்படாமையையும் பிரித்தறிய வேண்டிய நமக்கும் அதுவே முதற்பாடம்.

மூன்றாவதாக அவர் நோக்குவது மெருகு. அச்சு ஓங்கி அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நெகிழ்ந்து ஓடுகிறது. அவ்வோட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகளைப் பரப்பில் விட்டுச் செல்கிறது. புழங்காத காசை விளக்கொளியில் மெல்லச் சாய்த்தால், ஒளி தேர்ச்சக்கரத்தின் ஆரங்களைப் போலச் சுழல்வதைக் காணலாம். அந்நுண்கோடுகள் செய்யும் விந்தை அது. அவை ஒருமுறை அழிந்தால் எந்தப் பொற்கொல்லராலும் மீட்டுத் தர இயலாது.

இவற்றையெல்லாம் கண்டு, தொடக்கத்தில் சொற்களாலேயே தரம் கூறினர். ஆங்கிலேய வணிகர் வழங்கிய சொற்கள் 'ஃபேர்', 'குட்', 'ஃபைன்', 'வெரி ஃபைன்', 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்', 'அன்சர்குலேட்டட்' எனப் படிப்படியாக ஏறும். இவற்றுள் வேடிக்கையானது 'குட்' என்பது. நன்று என்று பொருள்படும் அச்சொல்லைப் பெற்ற காசு உண்மையில் நன்றாக இராது. உருவத்தின் புறக்கோடு மட்டும் எஞ்ச, உள்விவரம் எல்லாம் தேய்ந்துபோன காசுக்கே அப்பெயர்! விற்பவர் ஒவ்வொருவரும் தம் காசை ஒரு படி உயர்த்தியே கூற, சொல்லின் பொருள் காலப்போக்கில் தாழ்ந்துகொண்டே வந்திருக்க வேண்டும். மாணவரின் முன்னேற்ற அறிக்கையில் 'நன்று' என்று எழுதும்போது நாம் எப்பொருளில் எழுதுகிறோம் என்பதை அவரவர் நெஞ்சமே அறியும்.

எழுபது மதிப்பெண்

சொற்கள் இவ்வாறு நெகிழ்ந்து போகவே, எண்களை நாடினர். 1949ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் என்பவர் அந்நாட்டின் பழைய செப்புச் சதக் காசுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஷெல்டன் தொழிலால் உளவியலாளர். மனிதரை உடலமைப்பால் மூவகையாகப் பிரித்து, அவ்வகைக்கேற்பக் குணம் அமையும் என்று கூறிய அதே ஷெல்டன்தான் இவர். ஆசிரியர் பயிற்சியின்போது உளவியல் பாடத்தில் இப்பெயரைப் படித்தோர் நம்மிடையே பலர் இருப்பர். அக்கொள்கை பின்னாளில் அறிஞர்களால் கைவிடப்பட்டது. காசுக்கு அவர் வகுத்த அளவுகோலோ நிலைத்துவிட்டது.

அவ்வளவுகோல் ஒன்றில் தொடங்கி எழுபதில் முடிவது. இன்ன காசு என்று அடையாளம் காண மட்டுமே முடிந்த தேய்ந்த காசுக்கு ஒன்று. குறையே இல்லாத காசுக்கு எழுபது. நூறு என்று வைக்காமல் எழுபது என்று வைத்தது ஏன்? அக்காலச் சந்தையில், ஒன்றாம் நிலையில் உள்ள சதக் காசு ஒரு டாலர் பெறுமானால், குறையற்ற காசு எழுபது டாலர் பெறும் என்பது அவர் கண்ட கணக்கு. தரத்தின் எண்ணே விலையின் மடங்கும் ஆகும் என்று அவர் கருதினார். சில ஆண்டுகளிலேயே சந்தை அக்கணக்கை விட்டுப் போய்விட்டது. உயர்ந்த தரக் காசுகளின் விலை எழுபது மடங்கையும் கடந்து பறந்தது. ஆயினும், எண் வரிசை மட்டும் பிழைத்துக்கொண்டது. அவ்வரிசையில் 'குட்' என்பதற்கு நான்கு. 'ஃபைன்' என்பதற்குப் பன்னிரண்டு. 'வெரி ஃபைன்' இருபதில் தொடங்கும். 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' நாற்பதில் தொடங்கும். அறுபது முதல் எழுபது வரை புழங்காத காசுகளுக்கு உரியவை. எழுபதுக்கு நான்கு வாங்கியவனை 'நன்று' என்பது எந்தப் பள்ளியிலும் இல்லாத புதுமை.

1977இல் அந்நாட்டு நாணயம் திரட்டுவோரின் பெருஞ்சங்கம் தர வரையறைகளை நூலாக வெளியிட்டது. 1979 முதல் அச்சங்கத்தின் கிளை நிறுவனமே காசுகளைத் தரம் பார்த்துச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. அடுத்த மாற்றம் 1986இல் வந்தது. பி.சி.ஜி.எஸ். என்னும் தனியார் நிறுவனம், தரம் கண்ட காசை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூட்டினுள் வைத்து அடைத்து, தரத்தின் எண்ணையும் அதனுள்ளேயே அச்சிட்டுக் கொடுத்தது. மறு ஆண்டில் என்.ஜி.சி. என்னும் நிறுவனமும் களத்தில் இறங்கியது. சீன வணிகர் காசின்மேல் குத்திய முத்திரையை இவர்கள் காசுக்கு வெளியே குத்தினர் எனலாம். வாங்குபவரும் விற்பவரும் அல்லாத மூன்றாமவர் ஒருவர் தரம் கூறுவதே இம்முறையின் சிறப்பு.

ஆனாலும், எண் வந்துவிட்டதால் ஐயம் ஒழிந்துவிட்டது என்று கூற இயலாது. 64க்கும் 65க்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு மயிரிழை அளவே. விலையின் வேறுபாடோ சில வேளைகளில் மலையளவு. அதனால், கூட்டை உடைத்துக் காசை வெளியே எடுத்து, உயர்ந்த எண் கிடைக்கும் வரை மீண்டும் மீண்டும் அனுப்புவோரும் உளர். ஒரே காசு ஒருநாள் 64 என்றும் மறுநாள் 65 என்றும் பெயர் பெறுகிறது. ஒரே கட்டுரையை இரு ஆசிரியர் திருத்தி இருவேறு மதிப்பெண் இடுவதைக் கண்ட நமக்கு இது வியப்பளிக்காது.

அரிதும் விருப்பும்

தரம் ஒன்றே விலையை முடிவு செய்வதில்லை. காசு அரிதாக இருக்க வேண்டும்; அதனை விரும்புவோரும் இருக்க வேண்டும். பழமை மட்டும் போதாது. நான்காம் நூற்றாண்டு உரோமானிய வெண்கலக் காசுகள் ஏராளமாகக் கிடைப்பதால் இன்றும் சிறு தொகைக்கே விலை போகின்றன. 1956 முதல் 1961 வரை எலிசபெத் அரசியாரின் உருவத்தோடு வந்த நம் சதுர ஒரு காசைப் பல வீடுகளில் இன்றும் காணலாம். தேய்ந்த சதுரக் காசுக்குப் பெருவிலை எதிர்பார்ப்பது வீண்.

எத்தனை காசுகள் அச்சிடப்பட்டன என்பதைவிட எத்தனை எஞ்சியுள்ளன என்பதே வினா. 1933ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு 445,500 இருபது டாலர்ப் பொற்காசுகளை அச்சிட்டது. பொற்காசுப் புழக்கம் நிறுத்தப்பட்டதால் அவை வெளியிடப்படாமல் உருக்கப்பட்டன. தப்பிய மிகச் சிலவற்றுள் தனியார் வைத்திருக்கச் சட்டம் இசைந்த ஒன்று, 2021இல் ஏலத்தில் ஏறத்தாழ 18.9 மில்லியன் அமெரிக்க டாலருக்கு விற்றது. 1980ஆம் ஆண்டு சனவரியில் வெள்ளியின் விலை அவுன்சுக்கு ஏறத்தாழ 50 டாலர் வரை ஏறியபோதும் பல நாட்டு வெள்ளிக் காசுகள் உலைக்குள் போயின. நெருப்பு தின்றது போக மிஞ்சியவை அரியவையாயின.

எது அரிது என்பதை அறிய ஆய்வு வேண்டும். நம் பகுதியின் காசுகளை ஆராய்ந்து ஃபிரெட் பிரிட்மோர் எழுதிய நூலைச் சிங்கப்பூரின் இராபிள்ஸ் அரும்பொருளகம் 1955இல் வெளியிட்டது. சரண் சிங் தொகுத்த மலேசிய, சிங்கப்பூர், புருணை நாணயக் களஞ்சியம் 1986இல் வந்தது. இவர்கள் போன்றோரின் உழைப்பால்தான் தகரப்பெட்டியில் கிடக்கும் ஒரு காசு இன்னதென நாம் அறிய முடிகிறது.

நான் துலக்கிய காசு

இனி, நான் முன்னர்க் குறிப்பிட்ட தவற்றைக் கூறுகிறேன்.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் வரலாற்றுக் கண்காட்சி ஒன்றை ஏற்பாடு செய்தேன். வீட்டில் உள்ள பழம்பொருள்களைக் கொண்டுவரும்படி மாணவரிடம் கூறினேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் துணியில் முடிந்த ஒரு காசைக் கொண்டுவந்தான். 1907ஆம் ஆண்டு எட்வர்டு டாலர். பால்மரம் வெட்டிப் பிழைத்த அவன் பாட்டி, தன் தாயிடமிருந்து பெற்றுத் தகரப்பெட்டியில் வைத்திருந்தது. காசு கருத்து, ஓரங்களில் நீலமும் பழுப்புமாக நிறமேறி இருந்தது. மீசையின் இழைகள் தெளிவாக இருந்தன என்பது இன்றும் என் நினைவில் நிற்கிறது.

மேலதிகாரிகள் வரும் நாளில் கரிய காசை வைப்பதா என்று எனக்குத் தோன்றியது. முதல் நாள் இரவு எலுமிச்சைச் சாறும் திருநீறும் இட்டு அதனை நெடுநேரம் தேய்த்தேன். விடிந்தபோது காசு கண்ணைப் பறித்தது. வந்தோர் எல்லாரும் பாராட்டினர். மாலையில் காசைத் திரும்பப் பெற வந்த பாட்டி அதனை உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தார். பிறகு, "வாத்தியாரய்யா, இது எங்க காசு மாதிரி இல்லீங்களே" என்றார். நான் சிரித்துக்கொண்டே, அழுக்குப் போனதால் அப்படித் தெரிகிறது என்று விளக்கினேன்.

பல ஆண்டுகள் கழிந்தன. 2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அந்த மாணவன் வேலை இழந்தான். கட்டுப்பாடு தளர்ந்தபின் ஒருநாள் என்னைத் தேடி வந்தான். பாட்டி காலமாகிவிட்டார். காசை ஒரு வணிகரிடம் காட்டினானாம். "யாரு சார் இதப் போட்டுத் தேய்ச்சதுன்னு கேட்டாரு. எங்க வீட்டுல யாரும் தொட்டதே இல்லன்னு சொன்னேன். வெள்ளி வெலதான் தருவேன்னுட்டாரு" என்றான்.

வெள்ளியின்மேல் படியும் கருமை அழுக்கன்று. காற்றில் உள்ள கந்தகக் கலவைகளோடு வெள்ளி சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம் அது. ஆண்டுகள் பல சேர்ந்து நெய்த அப்படலத்தைத் தேய்த்து எடுக்கும்போது, அதனோடு அச்சு விட்டுச் சென்ற நுண்கோடுகளும் போய்விடுகின்றன. திருநீற்றின் துகள்கள் மயிரிழைக் கீறல்களைப் பரப்பெங்கும் விட்டுச் செல்கின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் அக்கீறல்கள் தப்புவதில்லை. துலக்கிய காசுக்குத் தரம் கூறும் நிறுவனங்கள் முறையான எண் தருவதில்லை. 'துலக்கப்பட்டது' என்ற குறிப்பையே தருகின்றன. இவற்றையெல்லாம் நான் நூல்களில் படித்து அறிந்தது பின்னாளில். பாட்டி நூல் எதுவும் படியாமல் ஒரே பார்வையில் அறிந்தார்.

அவனிடம் உண்மையைக் கூறினேன். சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர், "நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தானே சார் செஞ்சீங்க" என்றான். அச்சொல் என்னைத் தேற்றவில்லை. இழந்ததை ஈடுசெய்ய என்னால் இயன்ற தொகையை அவன் கையில் வைத்தேன். அதனைக் கடனாகவே ஏற்றான். பின்னர்த் திருப்பியும் கொடுத்துவிட்டான். காசை விற்கவில்லை.

நாணயம் என்னும் சொல்

ஷெல்டனின் கதைக்கு ஒரு பிற்பகுதி உண்டு. அவர் 1977இல் மறைந்தார். அதன்பின், நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியற் கழகத்தின் காப்பகத்தில் இருந்த சதக் காசுகளை ஆராய்ந்தபோது அதிர்ச்சி காத்திருந்தது. கொடையாக வந்த உயர்தரக் காசுகள் பல அங்கே இல்லை. அவற்றின் இடத்தில் அதே வகையைச் சேர்ந்த தாழ்ந்த தரக் காசுகள் இருந்தன. பழைய ஒளிப்படங்களோடு ஒப்பிட்டதில், காணாமற்போனவை ஷெல்டனின் திரட்டிலிருந்து விற்கப்பட்டவை என்று தெரிந்தது. தம்மை நம்பிக் காசுகளைப் பார்வையிட விட்ட கழகத்தில் அவர் நல்லதை எடுத்துக்கொண்டு அல்லதை வைத்துவிட்டார். 1990களில் அது கலிபோர்னியா நீதிமன்றங்களில் வழக்காகவும் நடந்தது. 60க்கும் 65க்கும் உள்ள வேறுபாட்டை உலகுக்குக் கற்பித்தவருக்குத் தம்முடையதற்கும் பிறருடையதற்கும் உள்ள வேறுபாடு மறந்துபோயிற்று. காசு ஒவ்வொன்றிலும் இருந்த கீறலும் வடுவுமே அவரைக் காட்டிக்கொடுத்தன.

தமிழில் நாணயம் என்னும் சொல்லுக்குக் காசு என்றும் பொருள். நேர்மை என்றும் பொருள். 'நாணயமான மனிதர்' என்கிறோம். காசை மதிப்பிடும் கலைக்கு எத்தனை அளவுகோல் வந்தாலும், மதிப்பிடுபவரிடம் இரண்டாவது நாணயம் இல்லையேல் முதல் நாணயத்தைப் பற்றி அவர் கூறும் எண்ணுக்குப் பொருள் இல்லை. ஷெல்டன் பேராசையால் தவறினார். நான் அறியாமையாலும், மேலதிகாரிகள்முன் நன்றாகத் தோன்ற வேண்டும் என்ற ஆவலாலும் தவறினேன். என் தவறு சிறிது என்று கூறிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அதற்கு விலை கொடுத்தவன் நானல்லன்.

அன்று முதல், பள்ளிக் கண்காட்சிகளில் சுவரில் ஒட்டியிருக்கும் மாணவர் கட்டுரைகளைக் காணும்போதெல்லாம் நான் உற்றுப் பார்க்கிறேன். சிறுவனின் பெயருக்குக் கீழே ஆசிரியரின் நடை பளபளக்குமாயின், அதுவும் திருநீறு இட்டுத் தேய்த்த காசே. பிழையோடு இருப்பினும் அவன் எழுதியதே அவனுடைய மெருகு. அதனை ஒருமுறை தேய்த்துவிட்டால் மீட்டுத் தர நம்மால் ஆகாது.

ஆசிரிய நண்பர்கள் தத்தம் பள்ளிகளில் பழங்காசுக் கண்காட்சி நடத்த வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு காசைக் கொண்டு வெள்ளியின் விலையையும், பேரரசுகளின் போக்கையும், நம் முன்னோர் தகரப்பெட்டியில் எதனைக் காத்தனர் என்பதையும் கற்பிக்கலாம். மாணவர் காசை முகத்தில் பிடிக்காமல் விளிம்பில் பிடிக்கப் பழகட்டும். எந்தக் காசையும் எவரும் துலக்க வேண்டா. காசின் அருகே ஒரு சிறு தாளில், அது யாருடையது, யாரிடமிருந்து வந்தது, எத்தனை ஆண்டு காக்கப்பட்டது என்பதைக் கேட்டு எழுதி வைக்கச் செய்யுங்கள். எந்த நிறுவனமும் அதற்கு எண் இடாது. எனினும், அக்காசு செல்லாக்காசு ஆகாது.